ஈரத் தலையோடு நின்ற வெப்பமானி

இங்கே சொல்லப்போகும் நிகழ்ச்சிகள் தொடங்குவதற்கு முன் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் குறித்துவிடுகிறேன். நான் இயற்பியலில் முதல் வகுப்பில் தேறியவன். பாபநாசத்துக்குக் கிழக்கே வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு நெல் ஆராய்ச்சிப் பண்ணையில், வானிலை நோக்கராக இருபத்தாறு ஆண்டுகள் முடித்திருந்தேன். அந்த இருபத்தாறு ஆண்டுகளில் என் பதிவேட்டில் ஓர் அடித்தல் கிடையாது. ஒரு திருத்தம் கிடையாது. சிவப்பு மையின் ஒரு புள்ளிகூடக் கிடையாது. வேறு நிலையங்களிலிருந்து வந்தவர்கள் என் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மூடி வைத்ததை நான் பலமுறை கவனித்திருக்கிறேன்.

இப்போது இதை எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சென்ற மாதம் அதே பண்ணையில் தானாக அளவெடுத்துத் தானாக அனுப்பும் கருவிக் கம்பம் ஒன்றைத் திறந்து வைத்தார்கள். ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என்னையும் மேடையில் மூன்றாவது நாற்காலியில் அமர்த்தியிருந்தார்கள். அப்போது பேசிய இளம் அதிகாரி ஒருவர், "முன்னெல்லாம் மனுஷங்க அளவெடுத்தாங்க. நம்ம சார் ஒரு மார்கழியில குளிர் தாங்காம, தன்னோட மஃப்ளரை எடுத்துத் தெர்மாமீட்டருக்கே சுத்தி விட்டுட்டாருன்னு இங்க ஒரு கதையே உண்டு" என்றார். அரங்கம் சிரித்தது. மேடையில் முதல் இரண்டு நாற்காலிகளும் சிரித்தன. விழா மலருக்கு என் அனுபவங்களை எழுதித் தரும்படி அவரே பிறகு கேட்டுக்கொண்டார். எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆறு மாதம் வடக்கே ஓர் ஊருக்கு அனுப்பினார்கள். நான் போய் இறங்கியபோது அங்கே குளிர்காலம். இரண்டு சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, அதற்குமேல் விடுதிக் கம்பளியையும் போர்த்திக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். உள்ளூர் மாணவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துப் படித்தார்கள். எங்கள் ஆசிரியர் என்னையும் அவர்களையும் எழுந்து நிற்கச் சொல்லி வகுப்புக்குக் காட்டினார். "இருவரும் ஒரே அறையில், ஒரே காற்றில் இருக்கிறார்கள். எனவே உடம்பு ஒரு கருவி அல்ல" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் நான் முப்பத்து மூன்று ஆண்டுகள் உத்தியோகம் பார்த்தேன். குளிரும் வெயிலும் ஒவ்வொருவருடைய கருத்து. வெப்பநிலை மட்டுமே உண்மை.

அந்த உண்மையை எடுக்கும் முறையையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் இன்றைய இளைஞர்கள் அதைக் கம்பம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள்.

வேலியிட்ட புல்தரையின் நடுவே, நான்கு கால்களின்மேல், நெஞ்சு உயரத்தில் ஒரு வெள்ளை மரப்பெட்டி நிற்கும். காற்று புகவும் வெயில் புகாதிருக்கவும் நான்கு பக்கமும் சாய்வுப் பலகைகள் அடித்திருப்பார்கள். உள்ளே நான்கு வெப்பமானிகள். இரண்டு செங்குத்தாக நிற்கும், இரண்டு படுத்திருக்கும். நிற்கும் இரண்டில் ஒன்றின் குமிழில் மெல்லிய துணியைச் சுற்றி, அதன் திரியைச் சிறு நீர்க்குப்பிக்குள் விட்டிருப்போம். துணி எப்போதும் ஈரமாக இருக்கும்; காற்றின் ஈரப்பதத்தை அதிலிருந்து கணக்கிடுவோம். படுத்திருக்கும் இரண்டில் ஒன்று பகலின் உச்ச அளவையும், மற்றொன்று இரவின் மிகக் குறைந்த அளவையும் பிடித்து வைத்திருக்கும்.

காலை எட்டு இருபதுக்கு வேலிக்கு வெளியே நிற்பேன். குளிர் மாதங்களில் நான் குரங்குக் குல்லாயும் மஃப்ளரும் அணிவது வழக்கம். அது மருத்துவக் காரணத்துக்காக. பதிவேட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வேலிக்கதவின் கொக்கியில் குல்லாயை மாட்டிவிட்டு வெறுந்தலையோடுதான் உள்ளே போவேன். எட்டரைக்குப் பெட்டியின் கதவைத் திறந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, முதலில் புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கத்தைப் படிப்பேன். முழு எண் பிறகுதான். நம் மூச்சும் உடல்சூடும் பட்டால் கடைசி இலக்கம்தான் முதலில் நகரும். நான்கையும் படித்து, குறித்து, மறுபடி சரிபார்த்து, கதவைச் சாத்திய பிறகு மூச்சு விடுவேன். ஒருமுறை தும்மல் வந்தபோது கதவைச் சாத்திவிட்டுப் பதினைந்து அடி நடந்துபோய்த் தும்மினேன்.

என் இருபத்து நான்காம் ஆண்டில் பண்ணைக்குத் தலைமை அதிகாரியாக வந்தவர் நேகி. இமயமலைப் பக்கத்துக்காரர். அவருடைய கிராமத்துக்கு ஆண்டில் நான்கு மாதம் பேருந்து வராதாம். தமிழை நாற்று நடும் பெண்களிடம் கற்றுக்கொண்டார். அவர்கள் அவரிடம் மரியாதையாகப் பேசியதால், அவருடைய தமிழில் மரியாதை இல்லாத வாக்கியமே கிடையாது. சோதனை வயலுக்குள் ஆடு புகுந்தால், "ஆடுங்களா, வெளியே போங்க" என்பார்.

மே மாதத்தில் அவர் அறைக்குள் போவது பரிதாபமாக இருக்கும். மேசைக்கு அடியில் ஒரு வாளித் தண்ணீர். அதில் இரண்டு கால்கள். தலையில் நனைத்துப் பிழிந்த துண்டு. நான் முழுக்கைச் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு எதிரே நிற்பேன்.

"அப்சர்வர் சார், இன்னைக்கு எவ்வளவுங்க?"

"முப்பத்தெட்டு புள்ளி ரெண்டு, சார்."

"பொய்ங்க. ஐம்பது இருக்கும்ங்க."

"பதிவேடு பொய் சொல்லாது, சார்."

"பதிவேட்டுக்கு வேர்க்காதுங்க" என்று சொல்லிவிட்டு வாளியில் காலை மாற்றி வைப்பார்.

ஜனவரியில் நிலைமை தலைகீழாகிவிடும். காலை ஏழு மணிக்கு அரைக்கைச் சட்டையோடு, பண்ணைக்கு வெளியே வாய்க்கால் கரையில் உலாவுவார். அலுவலகத்துக்கு வந்ததும் மின்விசிறியை ஐந்தில் வைப்பார். தட்டச்சர் சரஸ்வதி அம்மாள் ஸ்வெட்டர் போட்டு, காதில் பஞ்சு வைத்து, காகிதங்களின்மேல் கட்டுக்கொரு கருங்கல்லாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"சார், ஃபைல் பறந்தாக்கூடப் பரவாயில்ல. எனக்கு உசிரே பறக்குது. ஃபேனைக் கொஞ்சம் குறைங்க சார்."

"இது வசந்த காலம்ங்க மேடம். எங்க ஊர்ல இந்த மாசம் குழாயைத் திறந்தா தண்ணி வராதுங்க. உள்ளேயே கல்லா உறைஞ்சு நிக்கும்ங்க."

"அப்போ அங்க எப்பத்தான் சார் குளிப்பீங்க?"

"மார்ச்சுலங்க."

இந்த வழக்கு ஆண்டுதோறும் என்னிடம்தான் தீர்ப்புக்கு வரும். நான் பதிவேட்டைத் திறந்து அன்றைய குறைந்த அளவைப் படிப்பேன். இருபது புள்ளி ஆறு. முந்தைய பத்தாண்டுகளின் அதே தேதிகளையும் படித்துக் காட்டுவேன். அநேகமாக எல்லாம் இதைவிடக் குறைவு. "அம்மா, இந்த ஆண்டு மார்கழி வழக்கத்தைவிட வெதுவெதுப்பு. நீங்க நடுங்குறது உங்க கருத்து" என்பேன்.

"இல்ல சார், இந்த வருஷம் குளிர் ஜாஸ்தி. என் எலும்பு சொல்லுது."

"எலும்பு கருவி இல்லம்மா."

அவர் ஸ்வெட்டரின்மேல் புடவைத் தலைப்பையும் போர்த்திக்கொள்வார். எனக்கும் குளிர்ந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் அதைக் கருத்து என்ற அளவிலேயே வைத்திருந்தேன்.

அந்தப் பதிவேட்டு எண்களைத் தொடர்ந்து பார்த்துவந்தபோது எனக்கு ஒன்று புலப்பட்டது. மூன்று ஆண்டுகளாக மார்கழியும் தையும் மட்டும் இரவில் சூடேறி வந்தன. மற்ற மாதங்களில் மாற்றமில்லை. இதைப் பற்றி ஒரு வரைபடம் போட்டு, "வெப்பமடையும் மார்கழி" என்ற தலைப்பில் தஞ்சாவூரில் ஒரு சங்கத்தார் நடத்திய கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள்; இருபத்தைந்து நிமிடம் பேச விட்டார்கள். இறுதியில் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த ஆண்டின் சிறந்த நோக்கருக்கான சான்றிதழுக்கு நேகி என் பெயரைப் பரிந்துரைத்தார்.

இனி அந்தப் பொங்கல்.

எங்கள் நிலையத்துக்குப் பண்டிகை விடுமுறை கிடையாது. பொங்கல் காலை எட்டரைக்குப் பெட்டியைத் திறந்தேன். குறைந்த அளவைக் காட்டும் வெப்பமானி பதினேழு புள்ளி நான்கு என்றது. முந்தைய நாள் இருபது புள்ளி ஐந்து. கதவைச் சாத்தி, மூச்சுவிட்டு, மறுபடி திறந்து பார்த்தேன். பதினேழு புள்ளி நான்கு. நீல மையில் எழுதினேன். மாட்டுப் பொங்கலன்று பதினேழு புள்ளி ஒன்று. காணும் பொங்கலன்று பதினேழு புள்ளி ஆறு. மறுநாள் இருபது புள்ளி இரண்டு.

அன்று பதினொரு மணிக்கு நேகி என்னை அழைத்தார். பதிவேடு அவர் முன்னே திறந்திருந்தது. அவர் அதைப் பார்க்கும் முறை தனி. மரத்தாலான அடிக்கோலை ஒவ்வொரு வரியின் கீழும் வைத்து, வரி வரியாக இறக்கிக்கொண்டே வருவார். அடிக்கோல் நின்றால் அங்கே ஏதோ இருக்கிறது என்று பொருள். முதல் முறையாக என் பதிவேட்டில் அடிக்கோல் நின்றது. பக்கத்தில் சிவப்புப் பேனா இருந்தது. ஐயத்துக்குரிய அளவைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட வேண்டும் என்பது விதி.

"மூணே மூணு நாள் மட்டும் குளிருங்களா? உங்க தெர்மாமீட்டர் பொங்கல் கொண்டாடுச்சுங்களா?"

"நான் பார்த்ததை எழுதினேன், சார்."

"அந்த மூணு நாளும் நான் கரையில நடந்தேங்க. எனக்கு வித்தியாசமே தெரியலைங்க."

"உடம்பு கருவி இல்ல, சார்."

"சரிங்க. கருவியையே கேப்போம்ங்க" என்றார். மேசை இழுப்பறையிலிருந்து என் கட்டுரையை எடுத்தார். வரைபடத்தின்மேல் அடிக்கோலை வைத்தார். "மார்கழி, தை ரெண்டும் சூடேறுதுன்னு நீங்கதானே எழுதினீங்க? இந்தக் கோட்டுல பதினேழு எங்கேங்க உக்காரும்?"

உட்கார இடமில்லை என்பது எனக்கும் தெரிந்தது. அந்த மூன்று அளவுகளுக்கும் வட்டம் போட ஒப்புக்கொண்டால் கட்டுரை பிழைக்கும், பொன்னாடையும் சான்றிதழும் பிழைக்கும், பதிவேடு கறைபடும். வட்டம் வேண்டாம் என்றால் கட்டுரை சரியும். என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் எதைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

"குல்லாய்க்குள்ளேருந்து பாத்தீங்க. மூக்குக் கண்ணாடியில ஆவி படிஞ்சிருக்கும்ங்க" என்றார் நேகி, சமாதானமாக.

"குல்லாய் கொக்கியில இருந்தது, சார். நாளைக்கு விடியற்காலையில வேற வெப்பமானியால சோதிக்கணும்னு கேட்டுக்கறேன். அதுவரைக்கும் பேனாவைத் திறக்க வேண்டாம்."

அவர் பேனாவை மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். அவரிடம் எனக்குப் பிடித்த குணம் அது.

மறுநாள் காலை ஆறேகாலுக்கு இருவரும் போனோம். பனி வயல்மேல் வெள்ளையாக இறங்கியிருந்தது. நான் ஸ்வெட்டர், மஃப்ளர், குல்லாய், காலுறை சகிதம் இருந்தேன். நேகி அரைக்கைச் சட்டையும் ரப்பர் செருப்புமாக வந்தார். கையில் சுழற்றுவெப்பமானி. கைப்பிடியில் பொருத்திய வெப்பமானியைத் திருவிழாக் கிலுகிலுப்பைபோலச் சுழற்றினால், சுற்றியுள்ள காற்றின் அளவைக் காட்டிவிடும். அவர் நடந்துகொண்டே சுழற்றினார். பதினேழு புள்ளி மூன்று காட்டியது. அவர் முகம் சற்று மாறியது.

வேலியை நெருங்கியபோது நேகி நின்றார். உள்ளே, பனிக்கு நடுவில், ஒருவர் முக்காடிட்டுக்கொண்டு அசையாமல் நின்றிருந்தார்.

"யாருங்க அது? உள்ள நிக்கக் கூடாதுங்க. வெளியே வாங்க."

பதில் இல்லை.

"காது கேக்கலைங்களா? வாங்கன்னு சொல்றேனுங்க."

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். "சார், அவருக்கு நாலு காலு" என்றேன்.

எங்கள் பெட்டிதான். தலையிலிருந்து அடிப்பலகை வரை கோணி போர்த்தியிருந்தது. மூன்று நெல் கோணிகளைப் பிரித்து, கோணி ஊசியால் ஒழுங்காக ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வை. காற்றில் விலகாமலிருக்கக் கீழே சணல் கயிற்றால் கட்டியிருந்தது. முடிச்சு கச்சிதமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நேகி கோணிக்குள் கையை விட்டுக் கதவைத் திறந்து டார்ச் அடித்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு படித்தேன். இருபது புள்ளி ஒன்று. வெளியே பதினேழு புள்ளி மூன்று. மார்கழியின் வெப்பம் முழுவதும் அந்தக் கோணிக்குள் இருந்தது.

விதைக் கிடங்கின் பக்கத்திலிருந்து வைரக்கண்ணு ஓடி வந்தார். எங்கள் இரவுக் காவலர். மாலை ஆறு மணிக்கு, நான் வீட்டுக்குப் போன பிறகு வருவார். காலை எட்டு மணிக்கு, நான் வருவதற்கு முன் போய்விடுவார். நான்கு ஆண்டுகளாகத் தினக்கூலி. அவரை நிரந்தரமாக்கும் கோப்பு அப்போதுதான் நேகியின் மேசைக்கு வந்திருந்தது.

"வைரக்கண்ணு, இது என்ன?" என்றேன்.

"கோணிங்கய்யா."

"கோணின்னு தெரியுது. எதுக்கு?"

"பனிங்கய்யா." எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார். "உள்ள ரெண்டு பேரு படுத்திருக்காங்க, ரெண்டு பேரு நிக்கிறாங்க. படுத்திருக்கறவங்களப் பத்திக் கவலை இல்லீங்க. நிக்கிறதுல ஒருத்தரு தலையில ஈரத்துணியோட நிக்கிறாருங்க. ராவெல்லாம். மார்கழிப் பனியில. நம்ம வீட்டுப் புள்ளைய அப்படி நிக்க வைப்பமாங்கய்யா? சளி புடிச்சு நெஞ்சுல இறங்கிடாது?"

"அது வெப்பமானி, வைரக்கண்ணு."

"வேலைக்குச் சேந்த அன்னிக்கு நீங்கதான சொன்னீங்க, இதுல ஒண்ணுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எனக்கு உத்தியோகமே இல்லன்னு. நான் தலையில துண்டு கட்டியிருக்கேன். நீங்க குல்லா போட்டிருக்கீங்க. அதுக்கு மட்டும் யாருங்க இருக்கா?"

அவர் குரலில் சற்றே கண்டிப்பு இருந்ததாக எனக்குப் பட்டது. ஈரத்துணியை அந்தத் தலையில் சுற்றியவன் நான்தானே.

"பொங்கலுக்கு ஏன் போர்த்தலைங்க?" என்று நேகி கேட்டார்.

"பொண்ணுக்குத் தலைப்பொங்கலுங்க. சீரு கொண்டுக்கிட்டு நன்னிலம் போயிட்டேன். மூணு ராவும் எனக்கு அங்க தூக்கமே இல்லீங்க. பதிலுக்கு நின்ன ஆளு போர்த்துனானோ இல்லையோன்னு."

"தினமும் எப்ப எடுப்பீங்க?"

"வெயில் ஏறினதும் எடுத்து மடிச்சு, கிடங்குல வச்சிட்டுப் போயிருவேனுங்க. ஐயா வரும்போது பாக்க நல்லா இருக்கணும்ல."

கடைசிக் கேள்வியை நான்தான் கேட்டேன். கேட்காமலிருந்திருக்கலாம். "இந்த மார்கழியிலேருந்துதானே?"

"இல்லீங்கய்யா. நான் வேலைக்கு வந்ததிலேருந்து. மார்கழி ஒண்ணாந்தேதி போர்த்துனா தை கடைசிக்குத்தான் எடுத்து வைப்பேன். நாலு வருஷமாச்சு. கோணிகூட ரெண்டாவதுங்க."

நேகி வயல் வரப்பில் உட்கார்ந்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்சர்வர் சார், வெப்பமடையும் மார்கழிங்க!" என்றார். மறுபடி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஐயத்துக்குரியவை என்று சொல்லப்பட்ட மூன்று அளவுகள் மட்டுமே நான்கு குளிர்காலங்களில் சரியானவை. மற்ற இருநூற்று ஏழும் பிழை. அந்த எண்ணிக்கையை நான் வரப்பில் நின்றபடியே மனத்துக்குள் போட்டு முடித்திருந்தேன்.

சிரித்து முடித்ததும் நேகியின் முகம் அதிகாரி முகமானது. பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். பூட்டைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். குறிப்புக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். அது மேலிடத்துக்குப் போகும். கருவியைக் கெடுத்ததாக ஒரு தினக்கூலிக்காரர் பெயர் மேலே போனால் நிரந்தரமாக்கும் கோப்பு என்னவாகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அறைக்கு வெளியே வைரக்கண்ணு மடித்த கோணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"பேர் எழுதணும்ங்களா?" என்று நேகி கேட்டார்.

"கருவிகளுக்கு நோக்கரே பொறுப்புன்னு விதியில இருக்கு, சார். வாட்ச்மேன்னு ஒரு சொல் அந்தப் புத்தகத்திலேயே கிடையாது."

அவர் பேனாவின் மூடியைக் கழற்றி, எழுதும் பக்கம் என்னை நோக்கி இருக்கும்படி மேசைமேல் வைத்தார். "இரவில் பெட்டி மூடப்பட்டிருந்தது. நோக்கர் கவனிக்கத் தவறினார்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பிறகு இருநூற்று ஏழு அளவுகளுக்கும் நானே சிவப்பு வட்டம் போட்டேன். இரண்டு நாள் ஆயிற்று. எல்லா வட்டங்களும் ஒரே அளவு. இதை யாரும் தியாகம் என்று எழுத வேண்டாம். விதி அப்படி. அதோடு, நான்கு மார்கழிகள் ஒரு கோணி என்னை ஏமாற்றியதை விவரமாக எழுதிக் கொடுக்கும் உத்தேசமும் எனக்கு இல்லை.

செய்தி சரஸ்வதி அம்மாளுக்கு அன்றே எட்டிவிட்டது. மதியம் என் மேசைக்கு முன் வந்து நின்றார்.

"அப்போ நாலு வருஷமா நான் நடுங்குனது நெசந்தானே சார்?"

"பதிவேட்டின்படி அப்படித்தான் தெரியுதும்மா."

"என் எலும்பு?"

நான் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினேன். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டதாக அவர் சொல்லிவருகிறார். நான் விசிறியைத்தான் நிறுத்தினேன்.

கருத்தரங்கு நடத்திய சங்கத்துக்குக் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகவும், பொன்னாடையைத் தனி அஞ்சலில் அனுப்புவதாகவும் எழுதினேன். போர்த்திய பொன்னாடையைத் திரும்பப் பெறச் சங்க விதிகளில் இடமில்லை என்று பதில் வந்தது. சான்றிதழ் வேறொரு நிலையத்து நோக்கருக்குப் போயிற்று. ஆய்வுக்கு வந்த மேலதிகாரி சிவப்பு வட்டங்களைப் பார்த்துவிட்டு, "எதால மூடினீங்க?" என்று என்னைக் கேட்டார். பதிவேட்டில் இருப்பதற்குமேல் சொல்வதற்கில்லை என்றேன். அவர் பார்வை என் கழுத்துக்குப் போயிற்று. அங்கே மஃப்ளர் இருந்தது. கதை அந்த இடத்தில்தான் பிறந்திருக்க வேண்டும்.

வைரக்கண்ணு அந்த ஆண்டே நிரந்தரமானார். பெட்டியைப் போர்த்தக் கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவு கொடுத்தேன். வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, "அப்ப அந்த ஈரத்துணியையாவது ராத்திரிக்கு மட்டும் எடுத்துருங்கய்யா" என்றார். அதற்கும் முடியாது என்றேன். அதன்பிறகு மார்கழி மாதங்களில் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்க நேர்ந்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதைக் கண்டிருக்கிறேன்.

நேகி மேலும் இரண்டு ஆண்டுகள் இருந்தார். கடைசி ஜனவரியில் விசிறியை இரண்டில் வைத்தார். ஒருநாள், ஸ்வெட்டர் எந்தக் கடையில் வாங்கியது என்று சரஸ்வதி அம்மாளிடம் விசாரித்தார். அந்த அம்மாள் அதை அலுவலகம் முழுக்கச் சொல்லிவிட்டார். சொந்த ஊருக்கு மாற்றலாகிப் போன பிறகு ஒருமுறை தொலைபேசியில் பேசினார்.

"இங்க ரொம்பக் குளிருதுங்க, அப்சர்வர் சார். எங்கம்மா சிரிக்கிறாங்க. எல்லாரும் என்னைத் தமிழன்னு கிண்டல் பண்றாங்க."

"அங்க எவ்வளவு சார்?"

"பாக்கலைங்க. பார்த்தா, நான் நடுங்குறதை நீங்க கருத்துன்னு சொல்லிருவீங்க."

சென்ற மாத விழாவுக்கு வைரக்கண்ணுவும் வந்திருந்தார். இப்போது ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு நன்னிலத்தில் மகள் வீட்டருகே இருக்கிறார். இளம் அதிகாரி மஃப்ளர் கதையைச் சொன்னதும் கடைசி வரிசையில் எழுந்து நின்று, "அது ஐயா இல்லீங்க, நான்தாங்க!" என்று கத்தினார். பழைய காவலரின் விசுவாசம் என்று நினைத்து அரங்கம் கைதட்டியது. விழா முடிந்ததும் என்னிடம் வந்து, "இனிமே எனக்கு என்னங்கய்யா போகப்போகுது? பேரைப் போட்டே எழுதிருங்க" என்றார். அவர் அனுமதியோடுதான் போட்டிருக்கிறேன்.

எனவே விழாவில் சொல்லப்பட்டதை இங்கே திருத்துகிறேன். பெட்டியைப் போர்த்தியது மூன்று நெல் கோணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த ஒரு போர்வை. போர்த்தியவர் வைரக்கண்ணு. என் மஃப்ளரின் நீளம் நாலரை அடி. பெட்டியின் சுற்றளவு ஏழு அடி. சுற்றினாலும் எட்டாது.